கடலில் தோற்ற பொறி: முறுக்குவிசை மாற்றியின் வரலாறும் தெரிவும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்த மூதூர் உலக நூல்களில் இடம்பெற்றமைக்கு ஒரு பாய்மரத்தின் இழப்பே காரணமாயிற்று. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினக் கடலில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டிக்கொள்ளும் பொருட்டுக் கொட்டியாரத்துக்கு வந்தது. கரையிறங்கிய கப்பற்றலைவரும் அவர்தம் மகன் றொபேட் நொக்சும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர்த் தப்பிச் சென்ற மகன் 1681இல் வெளியிட்ட நூல் இலங்கை வரலாற்றின் முக்கிய மூலங்களுள் ஒன்றாயிற்று.

அரசியல் வரலாற்றை ஆராய்வோர் இந்நிகழ்ச்சியில் அரசனையும் கைதியையும் காண்பர். பொறிநுட்ப வரலாற்றை ஆராய்வோர் அக்கப்பலின் பாய்மரத்தையே முதலில் நோக்குவர். காற்றின் விசையைக் கப்பலின் சுமையோடு இணைப்பது அதுவே. காற்றும் இருந்தது, கப்பலும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் உறுப்பு இல்லாமையாற் பயணம் நின்றது. இயக்கும் விசைக்கும் இயங்கும் சுமைக்கும் இடையே நிற்கும் உறுப்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா, பாய்மரக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. நீராவிக் கப்பல், பஸ், புகையிரதம், மோட்டார் வண்டி, இறுதியில் கால் மைல் தூரத்தைச் சில விநாடிகளிற் கடக்கும் பந்தய வண்டி என அது தொடர்ந்து வந்துள்ளது.

இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றே முறுக்குவிசை மாற்றியாகும். தொழிற்கூடங்களில் இது 'டோர்க் கன்வெர்ட்டர்' என வழங்கும். அன்றாட வீதிக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒருங்கே பயன்படவேண்டிய வண்டியொன்றுக்கு இதனை எவ்வாறு தெரிதல் வேண்டும் என்பது மோட்டார்ப் பொறியியலிற் பெரிதும் வாதிக்கப்படும் பொருள். அவ்வாதம் பெரும்பாலும் எண்களைப் பற்றியதாகவே அமைகின்றது. அவ்வெண்களின் பொருள் புலப்படவேண்டுமாயின் இப்பொறியின் வரலாறு தெரிதல் வேண்டும். அவ்வரலாறு தொடங்குவது வீதியிலன்று, கடலிலாகும்.

கடலில் எழுந்த சிக்கல்

1897ஆம் ஆண்டு ஜூன் 26ஆந் திகதி, விக்டோரியா அரசியின் வைர விழாவை முன்னிட்டு ஸ்பிட்ஹெட் கடலிற் பிரித்தானியக் கடற்படை அணிவகுத்து நின்றது. அவ்வணிவகுப்பினூடே சாள்ஸ் பார்சன்சின் 'டர்பீனியா' என்னும் சிறுகலம், எந்தப் போர்ப்படகாலும் துரத்திப் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியது. மணிக்கு 34 கடல்மைலுக்கு மேற்பட்ட அவ்வேகத்தை அளித்தது நீராவிச் சுழலியாகும். டர்பைன் என்பதும் அதுவே. அடுத்த பத்தாண்டுகளுக்குள், 1906இல், 'டிரெட்நோட்' என்னும் பெரும்போர்க்கப்பல் சுழலியினால் இயங்கத் தொடங்கிற்று.

ஆயின் இவ்வெற்றியினுள் ஒரு முரண்பாடு மறைந்திருந்தது. நீராவிச் சுழலி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுழலும்போதே வினைத்திறனுடையது. நீரை உந்தும் விசிறியோ, நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்களுக்கு மேற் சுழன்றால் நீரை உந்துவதற்குப் பதிலாகக் கலக்கி நுரைக்கச் செய்யும். இரண்டையும் ஒரே தண்டிற் பூட்டியபோது சுழலி தனக்கேற்ற வேகத்தினும் மெதுவாகவும், விசிறி தனக்கேற்ற வேகத்தினும் விரைவாகவும் சுழலவேண்டியதாயிற்று. இருபாலும் இழப்பே விளைந்தது.

ஜேர்மனியின் ஸ்டெட்டின் நகரிலிருந்த வுல்க்கான் கப்பற்றளத்திற் பணியாற்றிய ஹேர்மன் ஃபோட்டிங்கர் (1877–1945) என்னும் பொறியியலாளர் இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டார். எஞ்சின் ஒரு நீர்ப்பம்பைச் சுழற்ற, அப்பம்பு தள்ளும் நீர் குழாய்வழியே சென்று ஒரு சுழலியைச் சுழற்றுமாயின், உலோகப் பல் எதுவும் தொடாமலே வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டலாம். ஆயின் குழாய்களில் நீர் உராய்ந்து வலுவிற் பெரும்பகுதியை இழந்துவிடும். ஃபோட்டிங்கரின் மதிநுட்பம் அக்குழாய்களை முற்றாக நீக்கியமையில் உள்ளது. பம்புச் சக்கரத்தையும் சுழலிச் சக்கரத்தையும் எதிரெதிராக ஒரே கூட்டினுள் வைத்து, இடையில் நீரின் திசையைத் திருப்பும் நிலையான வழிகாட்டிச் சக்கரம் ஒன்றையும் அமைத்தார். 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1913இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'கோனிகின் லூயிசே' என்னும் பயணிகள் கப்பலில் இப்பொறி இடம்பெற்றது. கண்ணிவெடி இடும் கலமாக மாற்றப்பட்ட அக்கப்பல், முதலாம் உலகப்போர் தொடங்கிய சில நாட்களில், 1914 ஆகஸ்ட் 5ஆந் திகதி வடகடலில் மூழ்கடிக்கப்பட்டது.

கப்பலை மூழ்கடித்தது போர். பொறியைக் கடலிலிருந்து அகற்றியதோ பல்லிணை. 'வெஸ்பேசியன்' என்னும் பழைய சரக்குக் கப்பலில் 1909, 1910ஆம் ஆண்டுகளிற் பார்சன்ஸ் நடத்திய பரிசோதனைகள், நுணுக்கமாக வெட்டப்பட்ட பல்லிணைகள் சுழலியின் வேகத்தைக் குறைத்து விசிறிக்கு அளிக்கவல்லன எனக் காட்டின. நீரியல் மாற்றி நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பங்கு வலுவையே கடத்திற்று. பல்லிணை தொண்ணூற்றெட்டுப் பங்கைக் கடத்திற்று.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதைக் கிழக்கிலங்கைக் கடலோடு தொடர்புடைய ஒரு கப்பலைக்கொண்டே விளக்கலாம். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல், பல்லிணை பூட்டிய நீராவிச் சுழலிகளால் இயங்கியது. அதன் வலு 40,000 பரிவலு. நூற்றுக்குப் பத்து இழப்பாயின் 4,000 பரிவலு வெறும் வெப்பமாகிக் கடலிற் கலந்திருக்கும். நூற்றுக்கு இரண்டாயின் இழப்பு 800 மட்டுமே. நாட்கணக்கில் ஒரே சீரான வேகத்தில் ஓடும் கலத்தில் இவ்விழப்பு ஒவ்வொரு மணிநேரமும் எண்ணெயாகச் செலவாகும். சீனக்குடாவிற் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளின் நிரையைக் கண்டோர், கடற்படைக்கு எண்ணெய் எத்துணை அரும்பொருளாயிருந்தது என்பதை எளிதில் உணர்வர். ஆகவே கடலில் நீரியல் மாற்றி தோற்றது வியப்பன்று.

நழுவலின் இயல்பு

கடலில் தோற்ற பொறி நிலத்தில் வென்றது எவ்வாறு? இதற்கு விடை காண அதன் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும்.

இன்றைய மாற்றியில் நீருக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்துள்ளது. எஞ்சினோடு பூட்டப்பட்ட பம்புச் சக்கரம் எண்ணெயை வெளிநோக்கி வீச, அவ்வெண்ணெய் எதிரேயுள்ள சுழலிச் சக்கரத்தின் இதழ்களை மோதித் திருப்புகின்றது. அங்கிருந்து திரும்பும் எண்ணெய் பம்பின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் வரும். இடையிலுள்ள வழிகாட்டிச் சக்கரம் அதனைப் பம்புக்குத் துணையான திசையில் திருப்பிவிடுகின்றது. இத்திருப்பமே முறுக்குவிசையைப் பெருக்குகின்றது. வழிகாட்டிச் சக்கரத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது பாய்ம இணைப்பு மாத்திரமே. அது விசையைக் கடத்தும், பெருக்காது.

வண்டி அசையாமல் நிற்க எஞ்சின் முழுவிசையுடன் இயங்கும் நிலையில், எஞ்சின் தரும் முறுக்குவிசையைப் போன்று ஏறத்தாழ இருமடங்கு சுழலித் தண்டிற் கிடைக்கும். ஆயினும் அத்தண்டு சுழலாமையாற் செய்யப்படும் வேலை சூனியமாகும். விசை மிகப் பெரிதாய் இருக்கும் அக்கணத்தில் வினைத்திறன் அறவே இல்லை. எஞ்சினின் வலு முழுவதும் எண்ணெயைக் கொதிக்கவைப்பதிலேயே செல்கின்றது. வண்டி வேகம்பெறப் பெறப் பெருக்கம் குறைந்து, வினைத்திறன் கூடும். சுழலியின் வேகம் பம்பின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு என்னும் அளவை எட்டும்போது பெருக்கம் முடிவுறும். அப்பாலும் வழிகாட்டிச் சக்கரம் அசையாது நின்றால் எண்ணெய்க்குத் தடையாகும். ஆதலின் அதனை ஒருவழிப் பூட்டின்மேல் அமைத்து, தேவை தீர்ந்ததும் எண்ணெயோடு சேர்ந்து தானும் சுழலவிடும் முறை 1920களின் இறுதியில் ஜேர்மனியில் உருவாயிற்று.

பம்புக்கும் சுழலிக்கும் இடையே எப்போதும் இருந்துவரும் இவ்வேக வேறுபாடே நழுவல் எனப்படும். கடலில் அது குற்றமாயிற்று. ஆனால் நின்று புறப்படும் வண்டிக்கு அக்குற்றமே குணமாயிற்று. பெற்றோல் எஞ்சின் சூனிய வேகத்தில் முறுக்குவிசை தரமாட்டாது. நிற்கும் சக்கரத்தோடு அதனை நேரே பூட்டினால் நின்றுவிடும். கிளச்சை மிதித்துக் கியரை மாற்றுஞ் சாரதி தன் காலினாற் செய்வதும் ஒருவகை நழுவலே. அதனை எண்ணெயினூடே தானாக நிகழச்செய்வது மாற்றி.

வீதியில் வென்ற வரலாறு

1930இல் டைம்லர் நிறுவனம் பாய்ம இணைப்பைத் தன் வண்டிகளிற் பூட்டியது. 1933இல் லேலண்ட் நிறுவனம், சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் லிஸ்ஹோமின் ஆய்வின்வழி உருவான மாற்றியைப் பொருத்தி, கியர் மாற்றத் தேவையற்ற பஸ்களை வெளியிட்டது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று புறப்படும் நகர பஸ்ஸுக்கு இதனால் மிகுந்த இலகு உண்டாயிற்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல் வெளியிட்ட 'ஹைட்ரா-மற்றிக்' பாய்ம இணைப்பை மட்டும் கொண்டது. இரண்டாம் உலகப்போரில் பியூக் தொழிற்சாலை கட்டிய எம்-18 போர்வண்டியில் முறுக்குவிசை மாற்றி இடம்பெற்றது. அவ்வனுபவத்தின் பயனாக 1948இல் 'டைனாஃபுளோ' என்னும் பெயரில் அது பொதுமக்களின் வண்டியை வந்தடைந்தது.

டைனாஃபுளோவில் வண்டி வழுவழுப்பாக ஓடிற்று. ஆனால் எண்ணெயினூடே நழுவிக்கொண்டே ஓடிற்று. இக்குறையை உணர்ந்த பக்கார்ட் நிறுவனம் 1949இல், வேகம் பெற்றபின் பம்பையும் சுழலியையும் ஒன்றாகப் பூட்டிவிடும் உட்கிளச்சுடன் 'அல்ற்றிரமற்றிக்' என்னும் பெட்டியை வெளியிட்டது. எரிபொருள் மலிவாயிருந்த அக்காலத்தில் இவ்வமைப்புப் பரவவில்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே, 1978ஆம் ஆண்டு வண்டிகளிற் கிறைஸ்லர் நிறுவனம் பூட்டும் கிளச்சை மீண்டுங் கொணர்ந்தது. அதன்பின் அது பொது வழக்காயிற்று.

இதே உண்மையைப் புகையிரதத்துக்குப் பயன்படுத்திய பெருமை இந்தியப் பொறியியலாளர் மன்மோகன் சூரிக்கு உரியது. இழுவை தொடங்குகையில் முறுக்குவிசை மாற்றியையும், வேகம் பெற்றபின் நழுவல் குறைந்த நேரிணைப்பையும் பயன்படுத்தும் 'சூரி கடத்தல்' அமைப்பை அவர் உருவாக்கினார். 1962இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலையிற் கட்டப்பட்ட டீசல் எஞ்சின்களில் அவருடைய அமைப்பு இடம்பெற்றது. புறப்படுகையில் நழுவல் வேண்டும், ஓடுகையில் நழுவல் வேண்டா என்பதே பக்கார்டும் சூரியும் வெவ்வேறு களங்களிற் கண்ட முடிபு.

விமானத் தளமும் கால் மைலும்

நேர்கோட்டில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைலை, அஃதாவது 402 மீற்றரை, யார் முதலிற் கடப்பது என்னும் போட்டியே 'டிராக்' பந்தயம். இரண்டாம் உலகப்போரின் பின் கலிபோர்னியாவில் இது ஒழுங்குபெற்றது. 1950இல் சான்றா ஆனாவிலுள்ள விமானத் தளத்தின் ஓடுபாதையிற் கட்டணம் அறவிட்டு நடத்தப்பட்ட போட்டிகள் புகழ்பெற்றன. 1951இல் வோலி பார்க்ஸ் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார். பொது வீதியில் உயிராபத்தோடு ஓடிய இளைஞரை ஒதுக்குப்புறமான தடத்துக்கும் விதிமுறைக்கும் அழைத்து வருதலே அச்சங்கத்தின் முதல் நோக்கம்.

போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகள் பந்தயத் தடங்களானமை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும், இலங்கையிற் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும் போர்க்கால விமானத் தளங்களாயிருந்து மோட்டார்ப் பந்தயக் களங்களாயின. மூதூருக்கு எதிர்க்கரையிலுள்ள சீனக்குடா விமானத் தளம் 1942இல் ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பின்னரும் அது விமானத் தளமாகவே நீடித்தது.

தொடக்ககாலப் போட்டியாளர் தானியங்கிப் பெட்டியை ஏளனமாகவே நோக்கினர். கிளச்சும் கைக்கியருமே வீரர்க்குரியன எனக் கருதப்பட்டன. 1953இல் தொடங்கப்பட்ட 'பி அண்ட் எம்' நிறுவனம் ஹைட்ரா-மற்றிக் பெட்டிகளைப் பந்தயத்துக்கு ஏற்பத் திருத்தியமைத்தது. 1960களின் முற்பகுதியிற் கிறைஸ்லர் நிறுவனப் பொறியியலாளர் சிலர் 'ராம்சார்ஜர்ஸ்' என்னும் குழுவாகத் திரண்டு, தானியங்கிப் பெட்டி பூட்டிய டொட்ஜ் வண்டிகளில் வெற்றிகளைக் குவித்தனர். கியர் மாற்றுகையில் விசை அறுபடாமையும், ஒவ்வொரு புறப்பாடும் ஒன்றையொன்று ஒத்திருத்தலும் அவற்றின் வலிமைகள்.

இங்குதான் மாற்றியைத் 'தெரிதல்' என்னும் கலை பிறந்தது. பந்தயத்துக்காகத் திருத்தப்பட்ட எஞ்சின் தாழ்ந்த சுற்றுக்களில் வலுவற்றது. 3,000, 4,000 சுற்றுக்களைக் கடந்த பின்னரே அதன் முறுக்குவிசை எழும். சாதாரண மாற்றியோ 1,800 சுற்றுக்களிலேயே எஞ்சினைப் பற்றிப் பிடித்து மேலெழவிடாது தடுக்கும். ஆகவே எஞ்சினை அதன் வலுப்பரப்புக்கு உடனே எழவிடும் அளவுக்கு நழுவுகின்ற மாற்றி வேண்டப்பட்டது. ஓப்பல் முதலிய சிறு கார்களின் மாற்றிகளை வெட்டித் திறந்து, இதழ்களை உறுதிசெய்து, பெரிய எட்டு உருளை எஞ்சின்களின் பின்னாற் பூட்டும் வழக்கம் பரவிற்று. சிறு எஞ்சினுக்கு இறுக்கமாயிருந்த மாற்றி பேரெஞ்சினுக்குத் தளர்வாயிற்று. மாற்றியின் குணம் அதனுள் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எண்ணின் பொருள்

மாற்றிகளை விற்போர் அவற்றுக்கு ஓர் எண்ணைக் குறிப்பர். சுழலியை அசையாது நிறுத்தி எஞ்சினை முழுவிசையுடன் இயக்கும்போது அது எட்டும் சுற்றுவேகமே அவ்வெண். தொழிற்கூடத்தில் 'ஸ்டோல்' எனப்படும் இதனைத் தடைநிலைச் சுற்றுவேகம் எனலாம். இச்சோதனையைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்டித்தல் ஆகாது. எண்ணெய் வெந்து பெட்டி கெட்டுவிடும்.

இவ்வெண்ணை ஆளும் விதி எளியது. மாற்றி ஏற்கும் முறுக்குவிசை, சுற்றுவேகத்தின் வர்க்கத்துக்கும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கும் விகிதசமமாகும். எஞ்சினும் இதழமைப்பும் மாறாதிருக்க, 12 அங்குல மாற்றி ஒன்றின் தடைநிலைச் சுற்றுவேகம் 1,800 எனக் கொண்டால், 10 அங்குல மாற்றிக்கு அது ஏறத்தாழ 2,800 ஆகும். 8 அங்குல மாற்றிக்கு 5,000ஐ அணுகும். இரண்டங்குல வேறுபாடு பெட்டியின் இயல்பையே மாற்றிவிடுகின்றது.

அதே விதியிலிருந்து இன்னோர் உண்மையும் பெறப்படும். முறுக்குவிசை காற்பங்காகக் குறைந்தாற் சுற்றுவேகம் பாதியாகும். முழுவிசையில் 3,000 என்னும் எண்ணையுடைய மாற்றி, மெல்ல மிதித்த எஞ்சினின் காற்பங்கு விசைக்கு 1,500 என்னும் எண்ணையே காட்டும். 3,000 சுற்றுக்களை எட்டும்வரை வண்டி நகராது என்னும் நம்பிக்கை பலரிடை நிலவுகின்றது, அது பிழையானது. மற்றொருபுறம், ஒரு வண்டியில் 3,000 காட்டிய மாற்றி வலுக்குறைந்த வேறொரு வண்டியில் 2,400 மட்டுமே காட்டக்கூடும். ஆதலால் நண்பனின் வண்டிக்கு உகந்தது என்னும் காரணத்தால் ஒரு மாற்றியை வாங்குதல் அறிவுடைமையன்று.

இனி வீதியை நோக்குதல் வேண்டும். 26 அங்குல விட்டமுடைய டயர், 3.73 என்னும் பின்னச்சு விகிதம், நேரிணைப்பு உச்சக் கியர் என்பவற்றையுடைய வண்டி மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது எஞ்சின், நழுவலைச் சேர்க்காது, ஏறத்தாழ 2,100 சுற்றுக்கள் சுழலும். பின்னச்சு விகிதம் 3.08 ஆயின் அது 1,730 ஆகும். நீள்பயணத்திற் பேணப்படும் இச்சுற்றுவேகத்துக்கு வெகுவாக மேற்பட்ட எண்ணையுடைய மாற்றியைத் தெரிந்தால் வண்டி பயணம் முழுவதும் நழுவிக்கொண்டே செல்லும். சீரோட்டத்தில் எஞ்சின் 25 பரிவலு தருவதாகக் கொண்டால், நூற்றுக்கு நான்கு நழுவலில் ஒரு பரிவலு வெப்பமாகும். நழுவல் பன்னிரண்டாயின் மூன்று பரிவலு, அஃதாவது 2.2 கிலோவாற்று, எண்ணெயில் இறங்கும். இரண்டு மின்னழுத்திகளை இடையறாது எண்ணெயினுள் வைத்திருத்தலை இது ஒக்கும். உரிய வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகை செல்சியசுக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிற்கூடத்தார் கொள்ளும் கணக்கு. கோடையிற் காற்றே முப்பது பாகைக்கு மேற் சுடும் கிழக்கு மாகாணம் போன்ற இடங்களில், தளர்ந்த மாற்றியோடு எண்ணெய் குளிர்விக்கும் தனிக்கருவியையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இருகளத்துக்கும் ஒரு தெரிவு

பந்தயத் தடத்துக்கு மட்டும் உரிய வண்டிக்குத் தெரிவு எளிது. அவ்வண்டி ஓடுவது சில விநாடிகளே. எஞ்சினின் உச்ச முறுக்குவிசைக்கு அண்மையில் தடைநிலைச் சுற்றுவேகம் அமைந்தாற் போதும். வீதிக்கு மட்டும் உரிய வண்டிக்கும் தெரிவு எளிது. தொழிற்சாலை பூட்டியதே பெரும்பாலும் பொருந்தும். இருகளத்திலும் ஓடவேண்டிய வண்டியே தெரிவோனைச் சோதிக்கின்றது.

அத்தகைய வண்டிக்கு நான்கு செய்திகளை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினின் முறுக்குவிசை எந்தச் சுற்றுவேகத்தில் எழத்தொடங்குகின்றது என்பது ஒன்று. வண்டியின் நிறை எவ்வளவு என்பது இரண்டு; நிறைமிக்க வண்டி மெதுவாக நகர்வதால் எஞ்சின் நீண்டநேரம் நழுவலில் நிற்கும். பின்னச்சு விகிதமும் டயரின் விட்டமும் யாவை என்பது மூன்று. வண்டி தன் வாழ்நாளில் எத்தனை பங்கை வீதியிலும் எத்தனை பங்கைத் தடத்திலும் கழிக்கின்றது என்பது நான்கு. இந்நான்காவது வினாவே பெரும்பாலும் நேர்மையாக விடையளிக்கப்படாதது. ஆண்டில் இரண்டு நாள் தடத்தில் ஓடும் வண்டிக்கு, எஞ்சிய முந்நூற்றறுபத்துமூன்று நாட்களையும் துன்புறுத்தும் மாற்றியைப் பூட்டுவோர் பலர்.

மிதமாகத் திருத்தப்பட்ட எஞ்சினும் 3.5 முதல் 3.9 வரையான பின்னச்சு விகிதமும் உடைய வண்டிக்கு 2,400 முதல் 3,000 வரையான தடைநிலைச் சுற்றுவேகம் இருகளத்துக்கும் பொருந்தும் என்பது பொதுவான அனுபவம். திருத்தப்படாத எஞ்சினுக்கு 4,000 என்னும் எண்ணைத் தேடுதல் பயனற்றது. எஞ்சின் தன் முறுக்குவிசையின் உச்சத்தைக் கடந்து சோர்ந்த பின்னரே அவ்வெண் வரும். அன்றியும் தடத்திலேகூட அதிகத் தளர்ச்சி தீதே. புறப்படும் கணத்தில் ஈட்டிய நன்மையை, முடிவுக்கோட்டை அணுகும் வேளையில் நழுவல் பறித்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பூட்டும் கிளச்சுடைய மாற்றி கிடைக்குமாயின் அதுவே தலைசிறந்த சமரசம். புறப்படுகையில் தளர்ந்தும் ஓடுகையில் இறுகியும் நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொறியியலாளர் தேடிய இணக்கம் அதுவே.

முடிவுரை

மூதூரிலிருந்து திருகோணமலைக்குச் செல்ல இருவழிகள் உண்டு. ஒன்று கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடக்கும் கடல்வழி. மற்றையது கிண்ணியா ஊடாகச் சுற்றிச்செல்லும் நிலவழி. நிலவழியில் நீண்டகாலம் பாதைப்படகுகளே வாகனங்களை ஏற்றி இறக்கின. 2009 அக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனை அடுத்து ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. குடாவைக் கடக்கும் இயந்திரப் படகு கரையை விட்டபின் ஒரே சுமையோடு ஒரே வேகத்தில் ஓடும். அதன் டீசல் எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையே பல்லிணையே நிற்கின்றது. பாலங்களைக் கடந்து செல்லும் ஜப்பானியத் தானியங்கி வேன், மாடுகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களுக்கும் நின்று நின்று புறப்படுகின்றது. அதனுள் ஃபோட்டிங்கரின் மாற்றி சுழல்கின்றது. கடலுக்கென ஆக்கப்பட்ட பொறி நிலவழியிலும், அதனைக் கடலிலிருந்து அகற்றிய பல்லிணை நீர்வழியிலும் ஓடுதல் இக்குடாவைச் சூழ்ந்தோர் நாள்தோறும் காணக்கூடிய காட்சியே.

பிறநாட்டாரின் சுமைக்கும் வீதிக்கும் ஆக்கப்பட்ட பொறிகளை இறக்குமதி செய்து வாழும் நாட்டவருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. விலைப்பட்டியலில் அச்சிடப்பட்ட எண், அப்பொறி பிறந்த இடத்தின் எஞ்சினையும் நிறையையும் வீதியையும் கருதியே அமைந்தது. அவ்வெண்ணை அப்படியே ஏற்பவர் பொறியை மட்டும் வாங்கவில்லை. வேறொருவரின் சுமைக்கான விடையையும் சேர்த்து வாங்குகின்றார். நழுவல் குணமோ குற்றமோ என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை, சுமையே தீர்மானிக்கின்றது. தன் சுமையை அளந்தறிந்தவனே தெரிவு செய்யத் தகுதியுடையவன். ஏனையோர்க்குத் தெரிவென்பது பெயரளவிலேயே உண்டு.